செயின் டிராக்டரும் திரும்பாமையும்: ஓர் ஆய்வு

தோட்டத்துப் புல் வெட்ட வாங்கிய குட்டி டிராக்டரின் டயரைக் கழற்றிவிட்டுச் செயின் பட்டை மாட்டும் வழக்கமே இங்கு ஆய்வுப் பொருள். களம், பனி கொட்டும் வட அமெரிக்கா. தேவையான கருவிகள்: ஆயுள் முடிந்த பனி வண்டியின் ரப்பர் பட்டை, ஆங்கிள் இரும்பு, வெல்டிங் ராடு, வீட்டாரின் பொறுமை.

முதலில் கணக்கு. 300 கிலோ டிராக்டருக்குப் பக்கத்துக்கு ஒரு பட்டை, ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலம், 100 செ.மீ. நீளத்துக்குத் தரையில் படிகிறது என்று கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம்தான் பாரம். 70 கிலோ ஆள் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு அழுத்துவார். ஆகவே புதைவது உடைமையாளரே, உடைமை அல்ல. 1904-இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில், பொதபொதவென்ற மண்ணில் பெஞ்சமின் ஹோல்ட் தம் நீராவி டிராக்டருக்குச் சக்கரத்தை எடுத்துவிட்டு மரக்கட்டைப் பட்டை மாட்டியதும் இந்தக் கணக்கை நம்பித்தான்.

போவதில் சிக்கலில்லை, திரும்புவதில்தான். ஒரு பக்கப் பட்டையைப் பிரேக் பிடித்து நிறுத்தினால், டிஃபரன்ஷியல் ஓட்டம் முழுவதையும் மறுபக்கம் தள்ளும்; வண்டி நின்ற பக்கமாக வளையும். வயல் டிராக்டருக்கு இடம், வலம் எனத் தனித்தனி பிரேக் உண்டு. தோட்ட டிராக்டருக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். இன்னொன்றை மாட்டி முடிப்பதற்குள் பனி உருகிவிடும். மாட்டினாலும், ஒடித்துத் திருப்பும்போது உருளைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கல் ஏறினால் போதும், பட்டை மொத்தமும் கழன்று சுருட்டாத பாய்போல் பின்னால் கிடக்கும். (இறுக்கிக் கட்டினால் கழலாது. பேரிங் போகும்.)

இனி நம் கருதுகோள். அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடக்கவிருந்த விவியன் ஃபக்ஸ் குழுவுக்காக வழியில் எரிபொருளும் உணவும் சேர்த்து வைப்பதே எட்மண்ட் ஹிலாரிக்கு இட்ட வேலை. அவரோ செயின் மாட்டிய சிறு ஃபெர்குசன் டிராக்டர்களை நேரே தென்துருவத்துக்கே ஓட்டி, 1958 ஜனவரி 4 அன்று, ஃபக்ஸுக்கு இரண்டு வாரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார். லட்சியம், பிடிவாதம் என்றெல்லாம் இதற்குக் காரணம் சொல்கிறார்கள். சொல்பவர்கள் யாரும் செயின் வண்டியைத் திருப்பிப் பார்த்ததில்லை என்பது தெளிவு. ஃபெர்குசனுக்கு இரட்டைப் பிரேக் உண்டே என்று வாதிடுவோர்க்கு ஒரு சான்று போதும்: துருவத்திலிருந்து ஹிலாரி முகாம் திரும்பியது விமானத்தில்.