பன்றிக்கும் பாத்தியதை உண்டு

சவுத்தாம்ப்டன்,
அக்டோபர் கடைசி.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

செல்வி எழுதிக்கொண்டது. இங்கு எல்லாரும் சௌக்கியம். குளிர், சாமான் விலை, பையன் படிப்பு எல்லாம் அம்மாவுக்குப் போனில் சொல்லியாயிற்று. அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். இது சைக்கிள் கடைக்காரருக்கு மட்டும் எழுதுகிற கடிதம்.

போன சனிக்கிழமை நானும் உங்கள் மாப்பிள்ளையும் ரயிலேறிப் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இறங்கினோம். இருபது நிமிஷப் பயணம்தான். அங்கே வாடகை சைக்கிள் எடுத்து நியூ ஃபாரஸ்ட் காட்டைச் சுற்றினோம். வாடகை சைக்கிள் என்றால், "நீ யார் மகள்?" என்று கேட்டு நோட்டில் மணி எழுதிக்கொள்கிற நம் கடைக் கதை இல்லை. கார்டைத் தேய்த்து, கையெழுத்து வாங்கி, உயரம் பார்த்து சீட்டை ஏற்றி, தலைக்கு ஹெல்மெட்டும் மாட்டிவிட்டார்கள். கியர் ஒரு டஜனுக்கு மேல் இருந்தது. ஸ்டாண்ட் கிடையாது, கேரியர் கிடையாது, செயின் கவர் கிடையாது, பேருக்கு ஒரு துண்டு மட்கார்டு. ஒரு நாள் வாடகையை ரூபாயில் எழுதினால் நீங்கள் கடையைப் பூட்டிவிட்டு விசா வாங்கக் கிளம்பிவிடுவீர்கள். அதனால் எழுதவில்லை.

கையில் ஒரு வரைபடமும் கொடுத்தார்கள். காடுதானே, இஷ்டத்துக்கு மிதிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சைக்கிளுக்கென்று ஒதுக்கிய சரளைப் பாதைகள் 100 மைலுக்கு மேல் இருக்கின்றன. அவற்றை விட்டு இறங்கக் கூடாது. முக்குக்கு முக்கு நம்பர் போட்ட குட்டைக் கம்பம் நிற்கும், அதைப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். இந்தக் காட்டில் யாருக்கு எது வரை பாத்தியதை என்பதை 900 வருஷத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதில் கடைசி வரிசை சைக்கிள்காரனுக்கு.

முதல் வரிசை குதிரைக்கு. மட்டக்குதிரைகள்தான், ஆனால் நடையைப் பார்த்தால் ஜமீன் வாரிசு. நடு ரோட்டில் நிற்கும், யோசிக்கும், வாலை ஆட்டும், மறுபடி யோசிக்கும். பின்னால் ஏழெட்டுக் கார் நிற்கிறது. ஒருவராவது ஹார்ன் அடிக்க வேண்டுமே! ம்ஹூம். காட்டு ரோட்டில் மணிக்கு 40 மைலுக்கு மேல் கார் ஓடக் கூடாது. குதிரையோ தனக்குத் தோன்றும்போது படுக்கலாம். பியூலி என்ற ஊரில் இந்த உத்தியோகத்தைக் கழுதைகள் பார்க்கின்றன.

இவை காட்டை விட்டு வெளியேறாமல் இருக்க ஓர் ஏற்பாடு உண்டு. ரோட்டின் குறுக்கே குழி வெட்டி, மேலே இரும்புக் கம்பிகளை இடைவெளி விட்டுப் பதித்திருக்கிறார்கள். கால் மாட்டிக்கொள்ளும் என்று மாடும் குதிரையும் தாண்டாது. சைக்கிள் தாண்டும், ஓட்டுகிறவர் பல்தான் ஆடிவிடும். பிரேக் பிடிக்காமல், ஹேண்டில்பாரைத் திருப்பாமல், நேராக விட்டுவிட வேண்டும். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கேட் வழியாக வந்தார்.

காட்டின் கதையைக் கேளுங்கள். நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், 1079-இல் மான் வேட்டைக்காக இதை வளைத்துப் போட்டான். மானைக் கொன்றவன் கண்ணைப் பிடுங்கச் சட்டம் போட்டவன் அவன். வளர்ப்பு நாய் மானைத் துரத்திவிடக் கூடாது என்று அதன் முன்னங்கால் நகத்தை வெட்டிவிடுகிற வழக்கமும் இருந்தது. பொடி நாய்க்கு மட்டும் விலக்கு. அளவு பார்க்கக் குதிரைச் சேணத்தின் அங்கவடி ஒன்று வைத்திருந்தார்களாம். அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் நாய் தப்பித்தது. அந்த இரும்பு வளையம் என்று ஒன்று லிண்ட்ஹர்ஸ்டில் இன்னும் இருக்கிறது.

குடும்பத்துக்கு இந்தக் காடு ஒத்துவரவில்லை. வில்லியத்தின் ஒரு மகனும் ஒரு பேரனும் இங்கேயே வேட்டையில் செத்தார்கள். பட்டத்துக்கு வந்த இன்னொரு மகன் ரூஃபஸும் 1100 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இங்கே அம்பு பட்டுச் செத்தான். கூட வேட்டைக்கு வந்திருந்த தம்பி ஹென்றி அண்ணன் உடம்பை அப்படியே போட்டுவிட்டு, வின்செஸ்டர் கஜானாவுக்குக் குதிரையை விரட்டினான். மூன்றாம் நாள் லண்டனில் முடிசூடிக்கொண்டான். நம் தெருவில் பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்குமாவது பொறுப்பார்கள். ரூஃபஸ் விழுந்த இடம் இதுதான் என்று மின்ஸ்டெட் பக்கம் 1745-இல் ஒரு கல் நட்டார்கள். வருகிறவர்கள் அதைச் சேதப்படுத்திக்கொண்டே இருந்ததால், 1841-இல் வார்ப்பிரும்பால் உறை போட்டு மூடிவிட்டார்கள். பார்த்தேன். கறுப்பாக, முக்கோணமாக, தண்ணீர் வராத அடிபம்பு போல நிற்கிறது.

ராஜாக்கள் போய்விட்டார்கள், சம்சாரிகள் இருக்கிறார்கள். காட்டைச் சுற்றியுள்ள சில வீடுகளுக்கும் நிலங்களுக்கும் பரம்பரை பாத்தியதை உண்டு. ஆளுக்கு இல்லை, நிலத்துக்கு. வாங்குகிறவருக்கு அதுவும் சேர்ந்து போகும். குதிரை, மாடு மேய்க்க ஒரு பாத்தியதை, விறகுக்கு ஒன்று, அடுப்பெரிக்கப் புல்கட்டி வெட்ட ஒன்று, இலையுதிர் காலத்தில் பன்றி விட ஒன்று. ஓக் மரத்துப் பச்சைக் கொட்டை குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம், பன்றிக்குப் பால்கோவா. ஆகவே இந்த மாதங்களில் பன்றிகளை அவிழ்த்துவிடுகிறார்கள், பெருக்கித் தின்றுவிடுகின்றன. நாங்கள் போனபோது ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு பாதை முழுக்க அடைத்து நின்று, மென்றுகொண்டே எங்களை நிமிர்ந்து பார்த்தது. நம்பர் கம்பத்தைப் பார்த்து வந்தோம் என்று சொல்லவா முடியும்? இறங்கி, தள்ளிக்கொண்டு, ஓரமாகப் போனோம்.

இதையெல்லாம் கவனிக்க வெர்டரர் கோர்ட் என்று ஒன்று லிண்ட்ஹர்ஸ்டில் பெரும்பாலான மாதங்களில் கூடுகிறது. யார் வேண்டுமானாலும் எழுந்து முறையிடலாம். அதன் கீழ் அஜிஸ்டர் என்ற கால்நடைக் கண்காணிகள் இருக்கிறார்கள். மேய்ச்சல் கட்டணம் கட்டிய குதிரையின் வால்முடியைப் படி வைத்து வெட்டிவிடுவார்கள். வெட்டைப் பார்த்தே எந்த அஜிஸ்டரின் எல்லை என்று சொல்லிவிடலாம். கிட்டத்தில் பார்த்தால் மின்வெட்டில் முடிவெட்டிக்கொண்ட தலை.

இப்போது உங்கள் பாடத்துக்கு வருகிறேன். ரைன்ஃபீல்டு பக்கம் மாப்பிள்ளையின் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. கார்ஸ் என்று மஞ்சள் பூ பூக்கிற ஒரு புதர், உடம்பெல்லாம் முள். இங்கே பஞ்சர் ஒட்டுகிறவர்கள் அபூர்வம், டியூபையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுகிறார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், நான் ஒட்டினேன். சீட்டுக்கு அடியில் இருந்த பையில் உப்புத்தாளும் சொல்யூஷனும் இருந்தன. டயரைக் கழற்றி, டியூபுக்குக் காற்றடித்து, பக்கத்து ஓடையில் முக்கினேன். குமிழி வந்தது. துடைத்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காய வைத்து ஒட்டினேன். டயரை உள்ளே தடவிப் பார்த்து முள்ளைப் பிடுங்கிய பிறகுதான் மாட்டினேன். அந்த வழியாக நாய் கூட்டி வந்த ஒரு தாத்தா கடைசி வரை நின்று பார்த்து, "பிரமாதம்" என்றார். மாப்பிள்ளை பம்பைப் பிடித்தபடி போட்டோவுக்கு நின்றார்.

பிராக்கன்ஹர்ஸ்ட் சர்ச் கல்லறைத் தோட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே பிரஷர் மில்ஸ் என்ற பாம்புபிடிக்காரரின் கல்லறை இருக்கிறது. காட்டில் ஒரு குடிசையில் வருஷக்கணக்காக வாழ்ந்தார். குடியிருந்த பாத்தியதை கேட்டுவிடுவார் என்றுதான் யாரோ குடிசையைச் சிதைத்தார்கள் என்பார்கள். 1905-இல் இறந்தார். ஊரார் கல் வைத்து, அதில் அவரையும் பாம்புகளையும் செதுக்கியிருக்கிறார்கள்.

அதே தோட்டத்தில் சுகா என்று ஒரு பெயர். பரேலிக்காரர், சித்தப்பா. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு இந்த ஊரில் லேடி ஹார்டிஞ் ஆஸ்பத்திரி நடந்தது. அங்கே துப்புரவு வேலைக்கு வந்தவர் 1915 ஜனவரி 12-இல், 30 வயதில் இறந்துபோனார். தீண்டாத சாதி என்று இந்துக்கள் எரிக்க மறுத்தார்களாம். முஸ்லிம் இல்லை என்று வோக்கிங் பள்ளிவாசலிலும் இடமில்லையாம். கடைசியில் இந்த ஊர்ப் பாதிரியார் சர்ச் நிலத்தில் இடம் கொடுத்தார் என்கிறார்கள். ஊர்க்காரர்கள் காசு போட்டுக் கல் நட்டார்கள். அவர் கிறிஸ்தவர் அல்ல என்பதையும் அதிலேயே வெட்டியிருக்கிறார்கள். சாதி மட்டும் கப்பலேறிக் கூடவே வந்துவிட்டது, அதனிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. மாப்பிள்ளை வெகுநேரம் பேசவில்லை.

மத்தியானம் லிண்ட்ஹர்ஸ்ட் கிரிக்கெட் மைதானத்து ஓரம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். மிருகங்களுக்குத் தீனி போடக் கூடாது, அபராதம் உண்டு என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் போடவில்லை. ஒரு குதிரை பின்னால் வந்து, மாப்பிள்ளையின் தோளுக்கு மேல் தலையை நீட்டி, பொட்டலத்தை இலையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. வற்றலைக் கடித்ததும் தும்மியது. ஆனாலும் விடவில்லை.

அடுத்த கோர்ட்டில் எழுந்து முறையிடப் போவதாக இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிராளியை எப்படி அடையாளம் காட்டுவீர்கள் என்றேன். வால் வெட்டைப் படம் வரைந்து வைத்திருக்கிறார்.

சித்திக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மகள் செல்வி