செம்பட்டி – டோக்கியோ (வழி: ஆங்கிலம்)

செம்பட்டி முக்கில் நின்றால் திண்டுக்கல், பழனி, தேனி, மதுரை என்று எந்தத் திசைக்கும் பஸ் ஏறலாம். ஜப்பானுக்கு மட்டும் பஸ் இல்லை. அதனால் அங்கே கடை வைத்திருக்கும் நம்மவர், வியாபாரம் படுத்துக்கிடக்கும் மத்தியானங்களில் செல்போனில் ஜப்பானிய மொழி படித்தே கிளம்பிவிட்டார். வாத்தியார் கிடையாது, ஃபீஸ் கிடையாது. "நம்ம கடைக்கு எந்த ஜப்பான்காரன் வரப்போறான்?" என்று வீட்டில் கேட்டதற்குப் பதிலும் கிடையாது.

முதல் தொல்லையைக் கொடுத்தது ஜப்பானிய மொழி அல்ல, ஆங்கிலம். அவர் கைக்குக் கிடைத்த பாடங்கள் எல்லாம் வெள்ளைக்காரருக்காக எழுதியவை. 'வினைச்சொல் கடைசியில் வரும், கலங்க வேண்டாம்' என்று பக்கம் பக்கமாக ஆறுதல் சொல்கின்றன. நம்மவர் ஏன் கலங்க வேண்டும்? பேசத் தொடங்கிய நாள் முதல் வினையை அவர் கடைசியில்தானே வைக்கிறார்! 'டோக்கியோ நி இகிமஸ்' என்றால் 'டோக்கியோவுக்குப் போகிறேன்'. உருபுகூட நம்மைப் போலவே பெயருக்குப் பின்னால் வந்து நிற்கிறது. 'தபெதே மிமஸ்' என்றால் 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்'. வாயால் சாப்பிட்டுவிட்டு அதைப் 'பார்க்கிற' வழக்கம் அங்கேயும் இருக்கிறது. இதை விளங்கவைக்க ஆங்கிலப் பாடம் படுகிற பாடு பரிதாபம்.

இந்த ஒற்றுமையில் சொக்கிப்போன பெரிய மனிதர் சுசுமு ஓனோ (1919–2008). கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர். தமிழும் ஜப்பானியமும் உறவு என்று வாதாடினார். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவருக்குத் துணை நின்றார்கள். நம் பொங்கலையும், அங்கே ஜனவரி 15-ஐ ஒட்டி வரும் 'கோஷோகத்சு'வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. டீக்கடைப் பேச்சுக்கு அந்தக் கவலை இல்லை. "ஜப்பான்காரன் நமக்குப் பங்காளிப்பா" என்று நம்மவர் அறிவித்துவிட்டார்.

பங்காளி என்றால் தகராறும் உண்டே. எழுத்துகளில் ஹிராகனா 46, கத்தகனா 46. அதோடு விட்டார்களா? அன்றாடப் புழக்கத்துக்கென்று அரசு பட்டியல் போட்ட காஞ்சி எழுத்துகள் 2136. அதில் பல எழுத்துகளுக்கு இடத்துக்கு ஒரு உச்சரிப்பு. 247 எழுத்தை வைத்துக்கொண்டு நாம் அலட்டியது போதும்.

எண்ணுவது இன்னொரு கூத்து. நீளமான சாமானுக்குத் தனி எண்: முருங்கைக்காய் ஒன்று என்றால் 'இப்பொன்', இரண்டு 'நிஹொன்', மூன்று 'சன்பொன்'. தட்டையான தோசைக்கு 'மாய்'. பத்தாயிரம் ஒரு 'மன்', லட்சம் பத்து மன், கோடி ஆயிரம் மன். ரோட்டோர மனை விலையைத் தமிழில் கேட்டாலே தலை சுற்றுகிறது.

உச்சரிப்பில் மட்டும் செம்பட்டிக்கு வெற்றி. பஸ்ஸுக்கு அங்கே பெயர் 'பஸு'. நம் கண்டக்டர் காலகாலமாகக் கத்துகிற "பஸ்ஸு" ஏறக்குறைய சுத்தமான ஜப்பானியம். ஆனால் மூன்று விதமாக நாக்கைப் புரட்டி நாம் பழகிய ல, ள, ழ ஒன்றும் அங்கே விலைபோகாது. எல்லாம் ரகரம்தான். பழனி முருகன் பரனி முருகன் ஆகிவிடுவார்.

ஜே.எல்.பி.டி. என்ற திறன் தேர்வைச் சென்னையில் எழுதலாம். என்5-இல் தொடங்கி என்1 வரை ஐந்து படிகள். பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச்சுத் தேர்வும் இல்லை. படித்தும் கேட்டும் சரியான விடையைத் தேர்ந்தால் போதும். வாயே திறக்காமல் ஒரு மொழியில் பாஸாகிற இந்த ஏற்பாடு நம்மவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஜூலையிலும் நடக்கிறது, டிசம்பரிலும் நடக்கிறது. டிசம்பரில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் குமுளி ரோட்டில் வரிசைகட்டும். கடையைப் பூட்ட முடியாது. ஆகவே ஜூலை.