எல்லா ஒயரும் இங்கேதான் வரணும்!

கால் கிரவுண்டில் வீடு கட்டுகிறவர்களில் மூன்று ரகம் உண்டு: வாஸ்து பார்ப்பவர், டைல்ஸ் பார்ப்பவர், ஒயர் பார்ப்பவர். முதல் இருவரையும் மேஸ்திரி எப்படியாவது சமாளித்துவிடுவார். மூன்றாமவர் தெருமுனையில் வருவது தெரிந்தாலே டீ குடிக்கப் போய்விடுவார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா, கையில் நான்காக மடித்த பிளான். அதில் சிவப்புக் கோடு கரண்ட், நீலம் நெட், பச்சை டிவி. நீலமும் பச்சையும் வீடெல்லாம் சுற்றிவிட்டு, ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவில் பரணுக்குக் கீழே ஒரே இடத்தில் வந்து முட்டும். அதுதான் ‘சென்ட்ரல் பாயிண்ட்’. அம்மணி பூஜை அலமாரிக்குப் பார்த்து வைத்திருந்த இடமும் அதுதான்.

“ஏங்க, அப்ப சாமியை எங்க வைக்கிறது?”

“சாமி எங்க வேணா இருப்பார். ஒயர்ப் பெட்டி நடுவுலதான் இருக்கணும்.”

இந்த வைராக்கியத்துக்குப் பின்னால் ஒரு பழைய காயம் உண்டு. தொண்ணூறுகளில் வாடகை வீட்டுக்கு கேபிள் டிவி வந்தபோது, கேபிள்காரர் ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். அன்றைக்குச் சாத்த முடியாமல் போன ஜன்னல், வீட்டைக் காலி செய்யும்வரை சாத்தப்படவேயில்லை. சீரியலோடு கொசுவும் வந்தது. பிறகு டிஷ்ஷுக்கு ஒரு ஓட்டை, பிராட்பேண்டுக்கு ஒரு ஓட்டை. சொந்த வீட்டில் ஒரு ஒயர்கூடக் கண்ணில் படக் கூடாது என்று அப்போது போட்ட சபதம், எலக்ட்ரீஷியன் தம்பியின் தலையில் விடிந்தது.

“கரண்ட் பைப்பும் நெட் பைப்பும் ஒட்டி ஓடக் கூடாது தம்பி. ஒரு அடியாவது தள்ளிப் போடு.”

“கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல சுவரே ஒரு அடிதான் சார் இருக்கு.”

தம்பி கேள்வி கேட்டுவிட்டால் பாடம் ஆரம்பமாகிவிடும். கேபிள் டிவி ஒயரில் இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் போட்டால் சிக்னல் ஆளுக்குப் பாதிகூட முழுசாகக் கிடைக்காது. டிஷ் என்றால் அந்த வேலையே ஆகாது. ஒரு பெட்டி 13 வோல்ட் கேட்கும், இன்னொன்று 18 கேட்கும். மாமியார், மருமகள் சேனல் சண்டை ஒயருக்குள்ளேயே தொடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு டிவிக்கும் மாடியிலிருந்து தனி ஆர்ஜி6 ஒயர். வீட்டில் இருப்பதோ ஒரே டிவி. அதனால் என்ன? வருங்காலம் என்று ஒன்று இருக்கிறதே!

நெட்டுக்கு கேட்6. 100 மீட்டர் வரை தாங்கும் என்பார் பெருமையாக. வீட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு 12 மீட்டர்கூடத் தேறாது. ஆனாலும் 305 மீட்டர் பெட்டி ஒன்று முழுசாக வந்து இறங்கும். மிச்சத்தில் மொட்டை மாடியில் துணி காயும்.

முனையில் ஆர்ஜே45 மாட்டும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சிமெண்டுத் தூசியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று மந்திரம்போல முணுமுணுப்பார். எட்டு இழைகளையும் நகத்தால் நீவி நேராக்கி உள்ளே தள்ளும்போது, நீலமும் பச்சையும் இடம் மாறிக்கொள்ளும். வெட்டு. மறுபடி மந்திரம். இந்தத் தடவை பிரவுன் எட்டாது. வெட்டு. இப்படியே வெட்டி வெட்டி, கடைசியில் ஒயர் சுவருக்குள் தலையை இழுத்துக்கொண்டுவிடும். பெட்ரூம் பாயிண்ட் இன்றுவரை வெறும் மூடிதான்.

கிரகப்பிரவேசம் முடிந்து ஃபைபர் மாட்ட வந்த பையன் சென்ட்ரல் பாயிண்ட்டின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தான். ஒவ்வொரு ஒயருக்கும் சீட்டு ஒட்டியிருந்தது.

“சூப்பர் சார். பிளக் பாயிண்ட் எங்க?”

எங்கேயும் இல்லை. கரண்டைத் தள்ளி வைப்பதிலேயே குறியாக இருந்ததில், பெட்டிக்குள் கரண்ட் வேண்டும் என்பது விட்டுப்போயிற்று. எக்ஸ்டென்ஷன் போடலாம் என்றால், “தகரத்துக்குள்ள வச்சா வைஃபை வெளிய வராது சார்” என்றான். ரவுட்டர் ஃபிரிட்ஜ் மேலே ஏறியது. அதிலிருந்து ஒரு ஒயர், சுவர்மேலேயே கிளிப் அடித்து, சென்ட்ரல் பாயிண்ட்டுக்குப் போயிற்று. அடுப்படியில் டிவி பார்த்தபடி சமைக்கட்டும் என்று பெரிய மனது பண்ணி வைத்த கோஆக்ஸ் பாயிண்ட்டின் துளையில் இப்போது ஊதுவத்தி புகைகிறது. சாமிக்கு அங்கேதான் இடம் கிடைத்தது.

ஆனால் மனிதரை ஒரேயடியாகச் சிரித்துத் தள்ளிவிடவும் முடியாது. 2020 ஊரடங்கில் தெருவில் எல்லார் வீட்டு வைஃபையும் ஒன்றோடொன்று முட்டி மோதியபோது, ஹாலில் ஒயர் செருகிய கம்ப்யூட்டர் மட்டும் திக்காமல் திணறாமல் பாடம் நடத்தியது. அன்றிலிருந்து மகளின் வீடியோ கால் உறையும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: “ஒயர்ல போட்டியா?” அவள் ஃபோனில் ஒயர் செருக இடமே இல்லை என்பது அவருக்குப் பொருட்டல்ல.

இப்போது எதிர்மனையில் வீடு எழும்புகிறது. தினமும் காலையில் கட்டடம் பார்க்கப் போய்விடுகிறார். “ஒயரை அப்புறம் வாங்கிக்கலாம். கம்பி கட்டும்போதே காலிப் பைப்பாப் போட்டு, உள்ள ஒரு நூலையும் விட்டு வைங்க. எந்தக் காலத்து ஒயரையும் இழுத்துக்கலாம்” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்கிறார். பெட்டிக்குள் இரண்டு பிளக் பாயிண்ட் வைக்கச் சொல்லும்போது மட்டும், வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.