கட்டணச் சந்தி இலக்கணம்: கிழக்குக் கடற்கரை வழக்கை முன்வைத்து ஒரு தொடக்க ஆய்வு

நிலைமொழியும் வருமொழியும் சேரும் இடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்கள் நிகழும் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஓர் உல்லாசப் பூங்காவும் ஒரு குடும்பமும் சேரும் இடத்திலும் இதே மூன்றும் பிசகாமல் நிகழ்கின்றன என்பதை எந்தத் தமிழாசிரியரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வெல்லை: மேற்கே பரனூர் சுங்கச்சாவடி, கிழக்கே வங்கக்கடல், வடக்கே முட்டுக்காடு, தெற்கே மாமல்லபுரம். காலம்: பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாள் முதல் அப்பாவின் சம்பளம் தீரும் நாள் வரை. இரண்டாவதற்கு நெடுநாள் ஆகாது.

ஆய்வுக்கென்று மறைமலைநகரில் ஒரு மாதிரிக் குடும்பத்தைக் கற்பித்துக்கொண்டோம். அப்பா, அம்மா, ஆறாவது படிக்கும் மகள், யூகேஜி மகன், “நான் எதுலயும் ஏற மாட்டேன்” என்று வீட்டிலேயே அறிவித்துவிட்ட பாட்டி, செங்கல்பட்டிலிருந்து காரோடு வந்து சேரும் தாய்மாமன். மாமன் இல்லாமல் தமிழ்க் குடும்பம் எதுவும் சுற்றுலா கிளம்பியதாக முன்னை நூல்களில் சான்றில்லை.

முதலில் நிலைமொழி, அதாவது டிக்கெட் விலை. இந்த வட்டாரத்துக்கு இது புதிதன்று. முட்டுக்காட்டில் எம்ஜிஎம் பூங்கா இருக்கிறது. தாம்பரத்துக்கு அருகே 1995இல் கிஷ்கிந்தாவைத் தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். 1984இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற முப்பரிமாணப் படத்தைத் தயாரித்து ஊர் முழுவதற்கும் கண்ணாடி மாட்டிவிட்டவரும் அவரே. இப்போது திருப்போரூரை அடுத்த இள்ளலூரில், 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்திருக்கிறது. அறுபத்து நான்கு ஏக்கருக்குச் சற்று மேலான நிலம், 611 கோடி ரூபாய் முதலீடு, சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொங்கு ரோலர் கோஸ்டர். அதற்குத் ‘தஞ்சோரா’ என்று பெயர். திறப்பின்போது அறிவித்த விலை 1,489 ரூபாய் முதல். விலைக்குப் பின்னால் வரும் இந்த ‘முதல்’ உலகத்துப் பூங்காக்கள் அனைத்துக்கும் பொதுவான இடைச்சொல். விலையை எண்ணால் எழுதி, உண்மையை இடைச்சொல்லால் எழுதுவது மரபு.

வினைச்சொல்லுக்குள் காலம் காட்டும் இடைநிலை இருப்பது போலவே டிக்கெட்டுக்குள்ளும் உண்டு. வார நாளுக்கு ஒன்று, சனி ஞாயிறுக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று. அப்பாவுக்கு எப்போது லீவு கிடைக்கிறதோ அதுவே உச்ச காலம் என்பது விதி. விதிவிலக்கு இதுவரை அகப்படவில்லை. இதில் நியாயம் இல்லாமலும் இல்லை. செவ்வாய்க்கிழமை ஆளில்லாமல் சுற்றும் ராட்டினத்துக்கும் மின்கட்டணம் உண்டு, உயிர்காப்பாளருக்குச் சம்பளம் உண்டு, அதை ஞாயிற்றுக்கிழமைக்காரர்தான் கட்டியாக வேண்டும். எமது வழக்கு விலையோடு அன்று. விலைக்குப் பிறகு வருவனவற்றோடு.

தோன்றல் விகாரத்தில் முதலாவது ஜிஎஸ்டி. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஜிஎஸ்டி என்பது முதலில் சாலை, பிறகுதான் வரி. இரண்டிலும் நின்று பணம் கட்டித்தான் நகர முடியும். 2017 ஜூலையில் கேளிக்கைப் பூங்காக்களுக்கு 28 சதவீதம் விதித்தார்கள். குடை ராட்டினத்துக்கும் அதே விகிதம். குதிரைப் பந்தயத்தையும் குடை ராட்டினத்தையும் ஒரே இனமாகக் கொண்ட அந்த வகைப்பாட்டின் நுட்பம் எமக்கு எட்டவில்லை. 2018 ஜனவரி 25 முதல் பூங்காக்களும் ராட்டினமும் 18 சதவீதத்துக்கு இறங்கின. தமிழ்நாட்டிலோ இதற்கு மேல் உள்ளாட்சி அமைப்புகளுக்கான கேளிக்கை வரி என்று 2017இலேயே தனிச் சட்டம் வந்தது. இள்ளலூர்ப் பூங்கா ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனதற்கு இந்த வரிமேல் வரியே காரணம் என்று நிர்வாகம் வெளிப்படையாகச் சொன்னது. அரசு விலக்களித்த பிறகே வேலை வேகம் பிடித்தது. ஆகவே கட்டணத்தின் மேல் கட்டணம் ஏறும்போது வலிக்கும் என்பது பூங்கா நடத்துபவர்களுக்கும் அனுபவத்தில் தெரியும் என்பது பெறப்பட்டது. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க, பின்னால் உதவும்.

அடுத்தது உடம்படுமெய். இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் சந்தித்தால் ஒட்டாது, நடுவே யகரமோ வகரமோ வந்து சேர்த்துவைக்க வேண்டும். அதுபோல வாங்குபவரின் உயிரும் விற்பவரின் உயிரும் செல்போன் திரையில் சந்திக்கும்போது நடுவே தோன்றுவது கன்வீனியன்ஸ் ஃபீ. யாருடைய வசதிக்கு என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கவுன்ட்டரில் ஆள் வைத்து, ஏசி போட்டு, சில்லறை எண்ணிக் கொடுக்க வேண்டிய வேலையை அப்பா வீட்டுக் கட்டிலில் படுத்தபடி தானே செய்துகொள்கிறார். அதற்குத் தானே கூலியும் கொடுக்கிறார். ஆறு பேருக்கும் பெயர், போன் நம்பர் எல்லாம் அடித்து முடித்து, கடைசிப் பக்கத்தில்தான் இந்தத் தொகை எட்டிப்பார்க்கும். முதலிலேயே சொன்னால் திரும்பிப் போய்விடுவார், இவ்வளவு தூரம் வந்தவர் போகமாட்டார் என்பது இதன் தத்துவம். இப்படி விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவதும், கேட்காத பொருளைக் கூடையில் போடுவதும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பதின்மூன்று வகை ஏமாற்று உத்திகளை அதில் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். தடுப்பதற்காக எழுதப்பட்டது, பாடநூலாகவும் பயன்படுகிறது.

வாசலில் பார்க்கிங். உள்ளே லாக்கர், அதற்கு டெபாசிட். தண்ணீரில் இறங்க நைலான் உடை. பருத்தித் துணியில் இறங்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், நனைந்தால் கனக்கும். காரணம் சரியே. ஆனால் அந்தக் காரணம் டிக்கெட் போடும்போது நம் கண்ணில் படாமல், நீச்சல் குளத்துக்கு இருபதடி தூரத்தில், உடைக் கடைக்கு எதிரே, பிள்ளைகள் குதித்துக்கொண்டிருக்கும் வேளையில்தான் படும். அம்மாவின் பையில் மூன்று செட் மாற்று உடை இருக்கிறது. மூன்றும் பருத்தி.

இனித் திரிதல். இருபது ரூபாய்த் தண்ணீர் பாட்டில், சுற்றுச்சுவரைத் தாண்டியதும் அறுபதாகத் திரியும். பாட்டிலும் மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை. ஆதலால் இதை வேதியியல் மாற்றம் எனக் கொள்ளலாகாது, இலக்கண மாற்றமே. ஹோட்டலும் உணவகமும் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம், அங்கே விற்பது தண்ணீர் மட்டுமன்று, உபசரிப்பும் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நாற்காலி கூட இல்லாத தகரக் கடையும் தன்னை உணவகமாகவே கருதிக்கொள்வது அதன் பிறகுதான். ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஓர் எம்ஆர்பி அச்சிடக் கூடாது என்று 2018 ஜனவரி முதல் விதி இருக்கிறது. பாட்டில் தண்ணீருக்கான ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பரில் 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அறுபது மட்டும் அறுபதாகவே நின்றது. இதனை இயல்பு எனச் சொல்லலாம். பாப்கார்னைப் பற்றி விரிக்க இடமில்லை. உப்புப் போட்டதற்கு ஒரு வரி, பொட்டலம் கட்டியதற்கு ஒரு வரி, சர்க்கரைப் பாகு ஊற்றியதற்கு ஒரு வரி என்று 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலே அதற்கு விரிவுரை தந்துவிட்டது.

கெடுதலுக்கு முதல் எடுத்துக்காட்டு பாட்டியின் புளிசாதம். காலை நான்கு மணிக்கு எழுந்து, நல்லெண்ணெய் மிதக்கக் கிளறி, வாழையிலையில் கட்டியது. வாசலில் பையைத் திறந்து பார்த்தவர் சொன்னது ஒரே வாக்கியம்: “வெளிச் சாப்பாடு அலவ்டு இல்லம்மா.” திரையரங்குக்குள் வெளி உணவைத் தடுக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு, ஆனால் குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. ஜிலேபி தின்றுவிட்டு விரலை இருக்கையில் துடைத்தால் என்ன செய்வது என்று விசாரணையில் ஒரு கேள்வியும் எழுந்தது. அது சினிமாக் கொட்டகை பற்றிய வழக்கு. அந்த நிழலில் பூங்காக்களும் ஒதுங்கிக்கொண்டன. நாள் முழுவதற்கும் டிக்கெட் வாங்கிய ஆளுக்கும் இரண்டரை மணிநேரப் படம் பார்ப்பவருக்கும் பசியில் வேறுபாடு உண்டு என்பது எமது பணிவான எதிர்வாதம். கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து, கார் டிக்கியைத் திறந்து, வேப்பமர நிழலில் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போகும் குடும்பங்கள் உண்டு. ஆய்வாளர் கண்ட அளவில் அங்கேதான் எல்லோர் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

இலவசமாக இருந்தவை கெடுவதற்கு உலகளாவிய சான்று டிஸ்னி. 1955இல் கலிபோர்னியாவில் திறந்தபோது நுழைவு ஒரு டாலர், ராட்டினங்களுக்குத் தனித்தனிச் சீட்டு. நம் ஊர்த் திருவிழா ராட்டினக் கணக்கேதான். 1982இல் எல்லாம் ஒரே டிக்கெட் ஆனது. வரிசையில் நிற்காமல் ஏறும் வசதியை 1999இல் இலவசமாகத் தந்தார்கள், 2021இல் அதற்குக் காசு வைத்தார்கள். பிரித்து விற்றதைச் சேர்த்து, சேர்த்ததை மறுபடி பிரித்துவிட்டார்கள். இங்கேயும் விரைவு வரிசை டிக்கெட் வந்துவிட்டது. சாதாரண வரிசை அளபெடை போல நீண்டுகொண்டே போக, பக்கத்து வரிசையில் ஒரு குடும்பம் சிரித்தபடி கடக்கும். மகன் கேட்கிறான்: “அப்பா, அவங்க மட்டும் ஏம்ப்பா முன்னாடி போறாங்க?” ஆறாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்தாத பாடம் அது.

தொங்கு ரோலர் கோஸ்டரில் தலைகீழாகும் கணத்தில் கேமரா தானே படமெடுக்கும். அப்போது மாமன் முகத்தில் வாய் மேலே, கண் இரண்டும் கீழே, மூன்றும் வட்டமாக. அதாவது அச்சு அசல் ஆய்த எழுத்து. அந்தப் படத்துக்கும் விலை உண்டு. மாமன் வாங்கவில்லை, அத்தைக்கு அனுப்ப வேண்டும் என்று அம்மா வாங்கினாள்.

குழந்தைகள் குற்றியலுகரம், மாத்திரை பாதி. ஆனால் பூங்காக்கள் அவர்கள் வயதைக் கேட்பதில்லை, சுவரில் கோடு போட்டு உயரத்தை அளக்கின்றன. ஆண்டு முழுவதும் “நிமிர்ந்து நில்லு” என்று மகளைத் திட்டிய அம்மா, அந்தச் சுவரருகே மட்டும் “கொஞ்சம் குனிஞ்சு நில்லு கண்ணு” என்றாள். பாட்டி பயனிலை கொள்ளாத எழுவாய். “நான் ஒக்காரத்தானேடா வரேன், எனக்கு எதுக்கு டிக்கெட்டு?” என்ற அவருடைய கேள்வி இலக்கணப்படி மிகச் சரி. மூத்தோர் சலுகை உண்டு என்பது பதில். சலுகை போக மீதி எதற்கு என்பது பாட்டியின் அடுத்த கேள்வி. அதற்கு விதி எழுதப்படவில்லை.

தனியாரை மட்டும் சாடினால் ஆய்வு நடுநிலை தவறும். மாமன் செங்கல்பட்டிலிருந்து வருவதற்குள் பரனூரைத் தாண்டிவிட்டார். 2019 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை அங்கே கடந்த வண்டிகளில் பாதிக்கு மேல் கட்டண விலக்குப் பெற்றவை என்று கணக்கு காட்டப்பட்டதைத் தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியது. நம் மாவட்டத்தில் பிரமுகர்களின் அடர்த்தி அவ்வளவு. எமது மாமன் மட்டும் மீதிப் பாதியில் பிறந்துவிட்டார். ஒரு காலத்தில் முதலாம் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கி, சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் வாங்கினான். கன்வீனியன்ஸ் ஃபீ தவிர்த்தவர் என்ற பட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

வண்டலூர் உயிரியல் பூங்காவில் பெரியவர்களுக்கு 115 ரூபாயாக இருந்த நுழைவுக் கட்டணம் ஒரே தாவலில் 200 ஆனது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் பார்க்க 2016 வரை 10 ரூபாய், பிறகு 30, 2018 முதல் 40. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம் என்பதைப் பாராட்டியே ஆக வேண்டும். வெண்ணெய் உருண்டைப் பாறையோ 2019 வரை யாரிடமும் காசு கேட்காமல், உருளாமல் நின்றது. ஏறத்தாழ 250 டன். 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளை வைத்து இழுத்துப் பார்த்தார் என்பார்கள், அசையவில்லை. 2019 அக்டோபரில் நரேந்திர மோடியும் சீ சின்பிங்கும் அதன் முன்னே கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சில நாளில் பாறைக்கு 40 ரூபாய். ஏழு யானைகளால் நகராதது ஒரு போட்டோவால் டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால் நகர்ந்துவிட்டது.

விகாரமில்லாத இயல்பு சந்தி அறவே இல்லையா என்றால், இருக்கிறது. அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தைச் சாலையில் நின்றே பார்க்கலாம். மாசி மகத்துக்கு இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, சேலையால் கூடாரம் கட்டித் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணங்களும் முடித்துக்கொண்டு போகின்றன. நுழைவுச்சீட்டு கிடையாது.

ஆய்வின் முடிபு: குடும்பத்தைக் கசக்குவது பெரிய தொகை அன்று, அது வரும் முறை. மூவாயிரம் என்று முதலிலேயே சொன்னால் அப்பா யோசித்து, கடன் வாங்கியோ வாங்காமலோ, ஒரு முடிவெடுத்துக்கொண்டு கிளம்புவார்; உள்ளே வந்த பிறகு ஒன்றும் கேட்காமல் சிரித்துக்கொண்டிருப்பார். ஆயிரத்து ஐந்நூறு என்று அழைத்து, அறுபது, நூறு, இருநூறு என்று மீதியை உருவினால் பிள்ளை ஐஸ்கிரீம் கேட்கும்போது எரிந்து விழுவார். வரிமேல் வரி வேண்டாம் என்று அரசிடம் கேட்டுப் பெற்றவர்கள், அதே மனுவைத் தங்கள் வாடிக்கையாளரிடமிருந்தும் வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு பேர், ஒரு நாள், உடை, லாக்கர், பார்க்கிங், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து மொத்தம் இவ்வளவு என்று டிக்கெட் பக்கத்தின் முதல் வரியிலும் வாசல் பலகையிலும் தமிழில் எழுதிப் போடுங்கள். எதிலும் ஏறாத பாட்டிகளுக்கு நிழலும் நாற்காலியும் மட்டும் கொண்ட ஒரு சீட்டு அடியுங்கள். வாசகர்களுக்கு: கடைசிப் பக்கத்தில் புதுத் தொகை முளைத்தால் அதைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.