பூச்சாண்டிக்கு டோக்கன்

எங்கள் வீட்டில் பூச்சாண்டி ரிட்டயர் ஆகி வெகுகாலமாகிறது. மூணு கண்ணனையும் சாக்குப்பைக்காரனையும் யூடியூபில் பார்த்துப் பையன் சிரித்துவிட்டான். கொஞ்ச நாள் போலீஸ்காரரை வைத்து ஓட்டினேன். மாட்டுத்தாவணி சிக்னலில் ஒருவர் அவனுக்கு டாட்டா காட்டியதில் அந்தப் பிழைப்பும் போச்சு. மிச்சமிருந்தது டாக்டரம்மாதான். இட்லியை விழுங்காவிட்டால் ஊசி, மண்ணை அளைந்தால் ஊசி, அப்பத்தாவின் பொடி டப்பாவைத் திறந்தால் ரெண்டு ஊசி என்று அந்த அம்மாவுக்கே தெரியாத சட்டமெல்லாம் போட்டு அவர் பெயரில் ஆட்சி நடத்தினேன்.

ஆட்சி கவிழ்ந்தது ஐந்து வயது பூஸ்டரால். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற முத்தடுப்பூசியின் இரண்டாவது பூஸ்டர் அது. தடுப்பூசி அட்டையை என் சட்டைப் பையில் செருகிய மனைவி, "ஊசி ஊசின்னு வளர்த்தது நீங்கதான, நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

விளக்குத்தூணில் ஜிகர்தண்டா குடிக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றினேன். செல்லூரிலிருந்து அண்ணா நகர்ப் பக்கம் திரும்பியதுமே பின்னாலிருந்து கேள்வி வந்தது: "அப்பா, ஆத்தயே தாண்டல. விளக்குத்தூண் அங்கிட்டுல்ல இருக்கு?"

வைகையில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, என்னைக் காட்டிக்கொடுக்க மட்டும் தவறுவதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்பிரிட் வாசனை அடித்ததும் கிரில் கதவைக் கட்டிக்கொண்டான். ஒரு கையைப் பிரித்தால் மறு கை பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரு கைக்குழந்தை வீறிட, பெஞ்சிலிருந்த அத்தனை பிள்ளைகளும் கூடவே குரலெடுத்தார்கள். இவன் மட்டும் அழாமல் சமரசம் பேசினான். இடது சுண்டு விரலை நீட்டி, "எனக்குச் சொட்டு மருந்து போதும். இங்க மை வச்சு அனுப்பிருங்க" என்றான். போலியோ முகாமில் பழகிய பிள்ளை, நியாயமான கோரிக்கைதான்.

"வலிக்கவே வலிக்காதுடா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்றேன்.

"சார், அப்படிச் சொல்லாதீங்க" என்றார் டாக்டரம்மா. "வலிக்காதுன்னு பிள்ளைகள்ட்ட பொய் சொல்லக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015லயே எழுதி வச்சிருக்கு. படுக்கப்போட்டு அமுக்கவும் வேணாம். மடியில நிமிர்ந்து உக்காரட்டும்."

பிறகு அவனிடம் திரும்பி, "தம்பி, வலிக்கும். பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிரும். கையைத் தளர விடு, விறைச்சா ஜாஸ்தி வலிக்கும்" என்றார். பையன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். அந்த வாரத்தில் அவனிடம் உண்மை பேசிய முதல் பெரிய மனுஷி அவராகத்தான் இருக்க வேண்டும். சட்டைக் கையை அவனே சுருட்டிவிட்டான். நாலு வரை எண்ணினான், ஐந்தில் கத்தினான், எட்டில் நிறுத்திக்கொண்டான். நான் கண்ணைத் திறந்தது பன்னிரண்டில்.

இந்தியாவில் முதன்முதலில் பெரியம்மைத் தடுப்பூசியாக அம்மைப்பால் வைத்ததாகக் குறிப்பிருப்பது அன்னா டஸ்டால் என்ற மூன்று வயதுப் பெண்ணுக்கு. 1802 ஜூன் 14, பம்பாயில். அவள் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்துத்தான் மற்றப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். ரொம்ப நல்ல சுபாவமுள்ள குழந்தை என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். கூட வந்த பெரியவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று எழுதாமல் விட்டது பெருந்தன்மை.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே பையன் கேட்டான்: "ஆன்ட்டி, இட்லி தின்னாட்டி ஊசி போடுவீங்களாமே?"

"யாரு சொன்னா?"

பஞ்சு பிடித்த கையாலேயே என்னைக் காட்டினான்.

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "சார், நீங்க கடைசியா டிடி போட்டது எப்ப? ரண ஜன்னிக்குப் பெரியவங்களும் பத்து வருஷத்துக்கு ஒருதடவை போட்டுக்கணும்."

பள்ளிக்கூடத்தில் என்று சொல்ல வாயெடுத்து, வண்டி வெயிலில் நிற்கிறது, சாவி வண்டியிலேயே இருக்கிறது, அவசரமாக ஒரு போன் பேச வேண்டும் என்று என்னென்னவோ சொன்னேன். நர்ஸ் பஞ்சை நனைத்தார். பையன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான். என் சட்டைக் கையைச் சுருட்டியதும் அவன்தான்.

"சும்மா இருப்பா. எறும்பு கடிக்கிற மாதிரிதான்."