அரமும் ரோபோவும்

கேள்வி: ஒரகடத்துக் கார் ஆலைகளில் ரோபோவே வெல்டிங் செய்யும் காலத்தில், ஐடிஐ ஃபிட்டர் மாணவர் இன்னும் அரத்தால் இரும்பை ராவிக்கொண்டிருப்பது எதற்கு?

பதில்: ரோபோ தடம் மாறினால் அதைப் பிடித்துத் திருத்த வேண்டியவர் அவர்தான் என்பதற்காக. வைஸில் இறுக்கிய துண்டைச் சமதளமாக ராவி, மூலைமட்டத்தை வைத்து இடையே வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்து, 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் வெர்னியர் காலிப்பரால் சரிபார்க்கும் பயிற்சி, துல்லியத்தைக் கைக்கும் கண்ணுக்கும் பழக்குகிறது. கணினித் திரையால் அது இயலாது.

ஆனால் அரம் மட்டும் போதாது. 2023 ஜூலையில் ஒரகடம் அரசு ஐடிஐயில் டாடா டெக்னாலஜிஸுடன் இணைந்து ‘தொழில் 4.0’ மையம், அதாவது சென்சார்கள் வழியே இயந்திரங்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் உற்பத்தி முறையைக் கற்பிக்கும் கூடம், திறக்கப்பட்டது. மிகச் சரியான முடிவு.

இப்படிப் பல திறன்களைக் கற்காமல் ஒரே வேலையை மட்டும் பழகுவதில் உள்ள ஆபத்தை ஸ்ரீபெரும்புதூர் கண்ணெதிரே கண்டது. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களில் பெருந்தொகையினர் பெண்கள், வேலை இழந்தனர்; செல்போன் அசெம்பிளியில் ஒரே கட்டத்தை மட்டும் செய்து பழகிய கைக்கு அடுத்த ஆலையில் என்ன மதிப்பு கிடைத்திருக்கும்? எனவே 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி ஆலைக்குள் வரும் பயிற்சியாளரை ஆண்டு முழுதும் ஒரே போல்ட்டை முடுக்க வைக்காமல், வெல்டிங், தரப் பரிசோதனை, பராமரிப்பு என்று பிரிவு பிரிவாக மாற்றிப் பழக்குவதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.