மேல்மலையில் ஒரு ராத்தங்கல்

கொடைக்கானலுக்குப் போகிற பலர் இப்போது கொடைக்கானலில் தங்க விரும்புவதில்லை. ஏரியைச் சுற்றிக் கூட்டம், வாகன நெரிசல், ஹாரன் சத்தம். “உள்ளே தள்ளி, சோலைக்காட்டு ஓரமா ஒரு விடுதி சொல்லுங்க. மிருகங்க தெரியணும். ஆனா வசதியாவும் இருக்கணும், பெரியவங்க வர்றாங்க” என்று கேட்கிறார்கள். மேல்மலைக் கிராமங்களுக்குப் பல காலமாகப் போய்வருகிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். ஆசையில் தவறேதும் இல்லை. ஆனால் மிருகம், வசதி இரண்டையும் ஒரே அறைக்குள் தேடுவதில்தான் சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்ல அந்தக் கிராமங்களில் ஒன்றான மன்னவனூரின் பழைய நாட்களுக்குப் போக வேண்டும்.

எண்பதுகளில் நான் முதன்முதலாக அங்கே போனபோது, வெளியூர்க்காரர் காசு கொடுத்துத் தங்கும் அறை ஒன்றையும் அந்த ஊரில் பார்த்த நினைவில்லை. என் தாய்மாமன் வடுகபட்டி மண்டியில் பூண்டு வியாபாரம் செய்தார். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் அறுவடை சமயத்தில் தோட்டத்துக்கே போய் விலை பேசுவார். அவரோடு ஒட்டிக்கொண்டு போவேன். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகப் போகும் பேருந்து, வளைவுக்கு வளைவு நின்று நின்று, மூட்டைகளையும் கோழிகளையும் ஏற்றி இறக்கிக்கொண்டு போகும். அதைத் தவறவிட்டால் அன்றைக்கு ராத்தங்கல் வழியில்தான்.

மாமாவுக்குப் பழக்கமான விவசாயி ஒருவர் வீட்டில் தங்குவோம். கல் சுவர், தகரக் கூரை, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் பூண்டுக் கட்டுகள். அந்தப் பூண்டு வாசனை போர்வையிலும் தலைமயிரிலும் ஏறிக்கொண்டு ஊர் திரும்பிய பிறகும் போகாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த வீட்டு அடுப்படிதான் முதலில் நினைவுக்கு வந்தது. கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கும் ஊர். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெந்நீர் என்பது அண்டாவில் காய்ந்து, ஆளுக்கு ஒரு வாளி அளந்து கிடைக்கும் பொருள்.

அந்த வீட்டுப் பாட்டி பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார். “வெளிய எங்கயும் போகாத தம்பி. மாடு இறங்குற நேரம்” என்பார். மாடு என்றால் காட்டுமாடு, காட்டெருமை. நாங்கள் அதை ராத்திரியில் பார்த்ததே இல்லை. விடிந்த பிறகு எதிர்ச்சரிவைக் காட்டுவார்கள். சூரியன் மேலே ஏறுவதற்குள், தூரத்துப் புல்வெளியில் கரும்பழுப்புப் புள்ளிகளாக ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும். வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற கால்கள் வெயில் பட்டதும் தெரியும். யாராவது குரல் உயர்த்தினால் ஒன்று தலை தூக்கும். பிறகு எல்லாம் வரிசையாக நடந்து மடிப்பில் இருக்கும் சோலைக்குள் போய்விடும். அவ்வளவுதான் காட்சி. யாரும் அதற்குக் கட்டணம் வாங்கவில்லை, அது வரும் என்று உறுதி கொடுக்கவும் இல்லை.

பழனிமலையின் மேற்பரப்பு அமைந்திருந்த விதமே அப்படி. சரிவெல்லாம் புல், நீர் தேங்கும் மடிப்புகளில் மட்டும் சோலை. சோலை என்பது எப்போதும் பசுமை மாறாத குளிர்மலைக்காடு. மரங்கள் குட்டை, கிளைகள் பின்னிக்கிடக்கும், தண்டெல்லாம் பாசி. உச்சி வேளையிலும் உள்ளே இருட்டுதான். பத்தடி தள்ளி ஒரு கடமான் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. மேய்வது புல்லில், ஒதுங்குவது சோலையில். புல்லும் சோலையும் சந்திக்கும் விளிம்பில், விடியலிலும் அந்தியிலும் மட்டும்தான் மிருகம் கண்ணில் படும். ஆப்பிரிக்கப் புல்வெளியைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஏமாறுவது இதனால்தான். சோலையைக் காதால்தான் முதலில் அறிய வேண்டும். விடியும்போது கருமந்தி எழுப்பும் முழக்கம் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போகும். புதருக்குள் கூட்டமாகப் பேசிக்கொள்ளும் பழனிச் சிரிப்பான் உருவம் காட்டாமல் பக்கத்திலேயே நகரும். அந்தப் பறவைக்கு 1869இல் அறிவியல் பெயர் சூட்டியவர் பிளான்ஃபோர்டு. இந்த மலைகளில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்கின் பெயரைத்தான் வைத்தார். உலகத்தில் பழனிமலையையும் மூணாறு பக்கத்து மலைகளையும் சுற்றி மட்டுமே வாழும் பறவை அது. யானைக்கும் புலிக்கும் கிடைக்கிற விளம்பரம் அதற்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஊரில் பிரசவ வலி வந்த பெண்ணை ஜீப்பில் கொடைக்கானலுக்குக் கொண்டுபோகும் பயணத்தை நான் பார்த்திருக்கிறேன். மலையும் அப்போதே மாறத் தொடங்கியிருந்தது. புல்வெளியை அன்றைய வனவியல் வெற்றுநிலமாகத்தான் கணக்கில் வைத்தது. தோல் பதனிடச் சீகை மரம், கூழுக்குத் தைலமரம், கட்டைக்குப் பைன் என்று சரிவு சரிவாக நட்டார்கள். எங்கள் பேருந்து கடந்துபோன புல்மேடுகளில் ஒவ்வொரு வருடமும் கன்றுகள் உயர்ந்துகொண்டே வந்தன. மன்னவனூரில் இன்றைக்கும் பச்சைப் புல் பரந்துகிடக்கிற இடமென்றால் பெரும்பாலும் மத்திய அரசின் ஆட்டுப்பண்ணையும் ஏரிக்கரையும்தான். மத்தியச் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் 1965இல் தொடங்கிய தென்மண்டல மையம் அது. பாரத் மெரினோ ஆடுகளும் வளர்ப்பு முயல்களும் அங்கே உண்டு. பயணிகள் படமெடுத்து இயற்கைப் புல்வெளி என்று போடுவதில் பாதி, ஆடு மேய்க்கப் பேணிவந்த நிலம்.

1973 முதல் 2014 வரையான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். அந்த நாற்பது ஆண்டுகளில் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சோலையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இடத்தைப் பிடித்தவை மரத்தோட்டங்களும் விவசாயமும். சீகைக்கு அடியில் மேய என்ன இருக்கும்? மாடு புல்லைத் தேடி வந்தது. இன்று கொடைக்கானல் நகரத்துத் தெருவில், பள்ளி வாசலில், பூங்காவில் காட்டெருமை நிற்கிறது. ஆட்களை முட்டிய செய்தி வருகிறது. மேல்மலையில் கேரட், முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு மின்வேலி வந்துவிட்டது. பாட்டி கதவைச் சாத்திய காலத்தில் தூரத்துப் புள்ளியாக இருந்த மிருகம், காடு குறையக் குறைய நம் பக்கம் வந்துவிட்டது. நாம் அதை “இப்பல்லாம் ரொம்ப ஈசியா பார்க்கலாம்” என்று கொண்டாடுகிறோம்.

விடுதிகள் எழுந்ததும் இந்தக் காலத்தில்தான். மன்னவனூர் ஏரியில் வனத்துறை பரிசல் விட்டது, ஜிப்லைன் கட்டியது, கூட்டம் வந்தது. கூட்டத்தோடு கண்ணாடிச் சுவர் வைத்த காட்டேஜ், மொட்டைமாடியில் கேம்ப் ஃபயர், சரிவை நோக்கித் திருப்பிய விளக்கு எல்லாம் வந்தன. மேல்மலையில் நான் தங்கிய ஒரு விடுதியில் மேலாளர் இளைஞர், பணிவாகத்தான் சொன்னார்: “சார், நைட் எட்டு மணிக்கு மேல கிச்சன் பின்னால வந்து பாருங்க. கண்டிப்பா மாடு வரும்.” வந்தது. கொம்பு வளைந்த முழு ஆண். சமையலறைக் கழிவைக் கொட்டும் குழியில் காய்த்தோலையும், சோற்றோடு ஒட்டிய பாலித்தீன் உறையையும் சேர்த்து மென்றது. விருந்தினர்கள் ஃபிளாஷ் அடித்துப் படமெடுத்தார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அறை அருமையான அறை. மெத்தை, கீசர், கம்பளி எல்லாம் உண்டு. அந்த வசதிக்கும் மாட்டுக்கும் நடுவே இருந்தது அந்தக் குப்பைக்குழி.

மிருகத்தை விடுதிக்கு வரவழைப்பது புதிய யோசனை இல்லை. கென்யாவில் 1932இல் திறந்த ட்ரீடாப்ஸ் விடுதி மரத்தின் மேலே கட்டப்பட்டது. கீழே நீர்க்குட்டை, உப்பு, பிறகு இரவு விளக்கு. 1952இல் இளவரசி எலிசபெத் அங்கே தங்கியிருந்தபோதுதான் அவர் தந்தை இறந்து, அவர் அரசியானார். அதன் பிறகு உலகெங்கும் அந்த மாதிரியைப் பின்பற்றினார்கள். மலேசியாவில் இருக்கும் நம் உறவினர்களுக்குத் தெரிந்த வேறொரு முறையும் உண்டு. தமான் நெகாரா மழைக்காட்டில் உப்புமண் இருக்கிற இடத்துக்கு எதிரே மரப்பலகைக் குடில் கட்டியிருப்பார்கள். பெயர் பும்புன். மின்சாரம் கிடையாது, வெறும் பலகைக் கட்டில். இரவு முழுக்கப் பேசாமல் காத்திருக்க வேண்டும், எதுவும் வராமலும் போகலாம். வசதியான படுக்கை வேண்டுமென்றால் அது ஆற்றோரம் கோலா தஹானில். தங்குமிடத்தையும் பார்க்கும் இடத்தையும் அங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். மேல்மலைக்கு நான் வேண்டுவது அந்தப் பிரிவைத்தான்.

விடுதி கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: பால்கனியிலிருந்தே மிருகம் தெரியும் என்று விளம்பரம் செய்யும் இடத்தை முதலில் தள்ளிவிடுங்கள். அந்தப் பால்கனி ஒன்று மாடு நடந்த பாதையில் கட்டியதாக இருக்கும், இல்லையென்றால் அடியில் தீனி இருக்கும். மன்னவனூரிலோ பூம்பாறையிலோ கவுஞ்சியிலோ ஊருக்குள், வீடுகளுக்கு நடுவே தங்குங்கள். உள்ளூர்க்காரர் தம் வீட்டின் ஒரு பகுதியை ஒதுக்கித் தரும் ஹோம்ஸ்டே கிடைக்கும். பூண்டும் உருளைக்கிழங்கும் விலை விழுகிற வருடத்தில் அந்த வாடகை அந்தக் குடும்பத்தைத் தாங்கும். பெரியவர்களுக்கு வேண்டிய வசதி எல்லாம் அங்கேயும் கேட்டு வாங்கலாம்: ஒழுகாத கூரை, காற்றுப் புகாத ஜன்னல், தடித்த ரஜாய், வெந்நீர், அறையோடு சேர்ந்த கழிப்பறை. குளிருக்கு இவை ஆடம்பரம் இல்லை. இவற்றில் குறை வைக்கும் விடுதியை இயற்கையோடு ஒன்றிய இடம் என்று நான் புகழ மாட்டேன்.

முன்பதிவு செய்யும்போது சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். சமையல் கழிவு எங்கே போகிறது? மூடிய தொட்டியா, திறந்த குழியா? தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வருகிறது, கோடையில் அந்த ஓடை ஊருக்கு மிஞ்சுகிறதா? ராத்திரி வெளிவிளக்கை அணைப்பார்களா? ஒலிபெருக்கி உண்டா? கேம்ப் ஃபயர் விறகு எங்கிருந்து? கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா? கொடைக்கானலில் விதியை மீறி எழுந்த கட்டடங்களின் வழக்கு வரலாறு நீண்டது. அனுமதி இல்லாத கட்டடங்களைப் பூட்டி முத்திரை வைக்க உயர்நீதிமன்றமே உத்தரவிட்ட ஊர் இது. நல்ல விடுதி நடத்துகிறவர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். முகம் சுளிப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பார்ப்பதற்கு நடக்க வேண்டும். இந்தக் காடுகளில் பெரும்பகுதி 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 609 சதுர கிலோமீட்டர். நினைத்த இடத்தில் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. 2018இல் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்குங்கள். வனத்துறை திறந்துவிட்ட பாதைகளில் உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். விடிந்ததும் கிளம்புங்கள், சோலை விளிம்பு தெரிகிற இடத்தில், மங்கலான நிறத்து உடையில், பேசாமல் உட்காருங்கள். காட்டெருமை தென்பட்டால் இருந்த இடத்திலேயே இருங்கள். அது தலையை அசைத்துச் சீறினால் மெதுவாகப் பின்வாங்குங்கள். ஒன்றும் வராத காலையில் கருமந்தியின் குரலைக் கேட்கலாம், மலையணில் கிளைக்குக் கிளை தாவுவதைப் பார்க்கலாம், சிரிப்பான் கூட்டம் கடந்து போவதைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் அட்டைக்குப் புகையிலைத்தூளும் நீளமான காலுறையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் போவது என்பதும் முக்கியம். சித்திரை, வைகாசிக் கூட்டத்தில் எந்த விடுதியும் நல்ல விடுதியாக இருக்க முடியாது. 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025இல் சீசன் நாட்களுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று சென்னை உயர்நீதிமன்றம் வரம்பு வைத்தது. அந்த வரம்பை நான் வரவேற்கிறேன். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் மலையில் தடை உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில், செவ்வாய் புதன் போன்ற நாளில், எவர்சில்வர் பாட்டிலோடும் கம்பளிச் சட்டையோடும் வாருங்கள். பூம்பாறையில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு மேலே ஏறுங்கள். இரண்டு இரவாவது ஊருக்குள் தங்கி, விடியற்காலையில் நடந்து போய்ப் பாருங்கள். குப்பையைக் காட்டி மாட்டை வரவழைக்கும் விடுதிக்கு மட்டும் உங்கள் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.